வைரமும் உடையும்: பேர் ஷேப் மோதிரம் வாங்கும் முன் முனையைப் பாருங்கள்

முனை தெறித்த பேர் ஷேப், அதாவது பேரிக்காய் வடிவ வைர மோதிரம் பட்டறை மேஜைக்கு வரும்போதெல்லாம் கூடவே ஒரே கேள்வியும் வருகிறது. “அசல் வைரம்தானே? அப்புறம் எப்படி உடையும்? கடையில ஏமாத்திட்டாங்களா?” கல் அசல்தான். சான்றிதழும் அசல்தான். நிச்சயதார்த்தம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்காது. இரும்பு கேட்டைச் சாத்தும்போதோ, கிரானைட் மேடையில் குக்கரை இறக்கும்போதோ பட்ட ஒரே ஒரு அடி. ஒவ்வொருவரிடமும் உடைந்த பிறகு விளக்கிச் சொல்லி மனசு விட்டுப்போகிறது. தயவுசெய்து வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

வைரம் உடையாது என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? வைரத்தை வைரத்தால்தான் அறுக்க முடியும் என்று கேட்டு வளர்ந்திருக்கிறோம். அது உண்மை. மோஸ் அளவுகோலில் வைரத்துக்கு 10, அதற்கு அடுத்து நிற்கும் மாணிக்கத்துக்கும் நீலத்துக்கும் 9. ஆனால் அந்த எண் சொல்வது கீறலைப் பற்றி மட்டும்தான், அடியைப் பற்றி அல்ல. கண்ணாடியை இரும்பு ஆணியால் கீறிப் பாருங்கள், எளிதில் கீறாது. அதே கண்ணாடியைக் கீழே போட்டால் என்ன ஆகும்? கடினம் வேறு, உறுதி வேறு. விறகு பிளப்பவர்களுக்குத் தெரியும், கட்டை எவ்வளவு முரடாக இருந்தாலும் நார் ஓடும் வாக்கில் கோடாரி விழுந்தால் ஒரே போடில் பிளந்துவிடும். வைரத்துக்குள்ளும் அப்படிப் பிளக்கும் வாக்கு நான்கு திசைகளில் இருக்கிறது. அந்த வாக்கில் அடி விழுந்தால் கல் தாங்காது.

நம்பாதவர்களுக்கு ஒரு சரித்திரம். 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கலினன் வைரம் 3,106 காரட். 1908இல் ஆம்ஸ்டர்டாமில் ஜோசப் ஆஷர் அதன்மேல் கத்தியை வைத்துத் தட்டித்தான் பிளந்தார். அதிலிருந்து பிறந்த கற்களில் மிகப் பெரியது 530 காரட்டுக்கு மேல். இன்று பிரிட்டிஷ் அரசரின் செங்கோலில் இருக்கிறது. அதன் வடிவம் என்ன தெரியுமா? இதே பேரிக்காய் வடிவம்தான். ஆகவே, அசலா போலியா என்று பார்க்கச் சுத்தியலால் தட்டிப் பார்க்கச் சொல்லும் பெரியவர்களை அன்போடு தடுத்துவிடுங்கள். அசல் வைரமும் அந்தச் சோதனையில் தோற்கும். ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் அதே படிகம்தான், அதுவும் இப்படியே உடையும்.

வட்டக் கல்லில் அடி எந்தப் பக்கம் பட்டாலும் ஓரம் முழுக்க வளைவு. பேர் ஷேப்பில் மட்டும் ஒரு பக்கம் கூர்மையாக முடிகிறது, அடி வாங்குவதும் அந்த முனைதான். எனவே முதலில் பார்க்க வேண்டியது கல்லின் நிறத்தை அல்ல, முனையை எப்படிப் பிடித்திருக்கிறார்கள் என்பதை. முனையில் ‘வி’ வடிவ பிராங் (கல்லைப் பிடித்து நிறுத்தும் உலோகக் கொக்கி) இருக்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். உருண்டை பிராங் ஒன்றை முனையின்மேல் மடக்கிவிட்ட மோதிரங்களும், முனையைத் திறந்தே விட்டுத் தோளில் மட்டும் இரண்டு பிராங் வைத்த மோதிரங்களும் படத்தில் அழகாக இருக்கும். கையில் நிற்காது. முனைக்கு ஒரு ‘வி’, உருண்டைப் பக்கம் நான்கு, ஆக ஐந்து பிடி இருந்தால் நிம்மதி.

‘வி’ இருந்தால் மட்டும் போதாது. 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் சிறு கண்ணாடியான லூப்பைக் கேட்டு வாங்கி, பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள். ‘வி’யின் இரண்டு கைகளும் கல்லின் இரு ஓரங்களிலும் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டு கைகளும் சேரும் மூலையில் முனை உலோகத்தை முட்டக் கூடாது. கல் பதிக்கும் நல்ல செட்டர் அந்த மூலையில் துளிப் பள்ளம் எடுத்துவிட்டுத்தான் கல்லை இறக்குவார். எடுக்காமல் பிராங்கை அழுத்தி மடக்கினால், அழுத்தம் முழுவதும் முனையில் இறங்கி, அங்கேயே மயிரிழை விரிசல் விழும். அப்படிப்பட்ட கல் கடையிலிருந்து கிளம்பும்போதே பாதி உடைந்ததுதான். வீட்டில் விழும் அடி மிச்சத்தை முடித்துவைக்கிறது.

சான்றிதழில் ‘கர்டில்’ என்று ஒரு வரி இருக்கும், கல்லின் இடுப்பு விளிம்பு எவ்வளவு தடிமன் என்று சொல்வது. அங்கே மிக மெலிது என்று போட்டிருந்தால், அந்த மெலிவு முனைப் பக்கமா என்று லூப்பில் பாருங்கள். முனைப் பக்கமானால் அந்தக் கல் வேண்டாம். உள்ளே இருக்கும் குறைகளின் வரைபடத்தையும் பாருங்கள். இறகு போன்ற விரிசல் முனையைத் தொட்டால், கல் விவிஎஸ்1 என்ற உயர்ந்த சுத்தத் தரமே ஆனாலும் விட்டுவிடுங்கள். நம் ஊரில் தோட்டுக்கும் மூக்குத்திக்கும் கேட்டுக் கேட்டே ‘ஈஎஃப் விவிஎஸ்’ (ஈ, எஃப் என்பவை நிறத் தரங்கள்) வாயில் ஊறிப்போய்விட்டது. பேர் ஷேப்பில், விவிஎஸ்ஸுக்குக் கீழான விஎஸ்2 தரக் கல், குறை நடுவில் இல்லாமல் ஓரத்தில் இருந்தால், கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். மிச்சமாகும் பணத்தை நல்ல வெட்டுக்கும் நல்ல செட்டிங்குக்கும் கொடுங்கள். நிறம் மட்டும் முனையில் கூடித் தெரியும். வெள்ளைத் தங்கமோ பிளாட்டினமோ என்றால் ஜி நிறம் அல்லது அதைவிட வெண்மையானது, மஞ்சள் தங்கம் என்றால் எச், ஐ நிறம் போதும்.

வெட்டு விஷயத்தில் இன்னொரு ஏமாற்றம் காத்திருக்கிறது. சான்றிதழ் தரும் ஆய்வகமான ஜிஐஏ வட்டக் கல்லுக்குத்தான் வெட்டுத் தரம் போடுகிறது. பேர் ஷேப்புக்குப் பாலிஷும் சமச்சீரும் மட்டுமே. இரண்டும் ‘எக்ஸலென்ட்’ என்று இருந்தால் வெட்டும் எக்ஸலென்ட் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணக்கை நீங்களே போடுங்கள். அளவு 8.62 × 5.54 மி.மீ. என்றால் நீளத்தை அகலத்தால் வகுக்க 1.56 வரும். 1.50 முதல் 1.70 வரை பெரும்பாலான கைகளுக்குப் பொருந்தும். அதற்குக் கீழே போனால் கொழுக்கட்டைபோல இருக்கும், மேலே போனால் முனை இன்னும் ஒல்லியாகி ஆபத்து கூடும். பிறகு முனையிலிருந்து நேர்கோடு ஒன்றை மனதில் இழுத்து, இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கிறதா பாருங்கள். எடை போகக் கூடாது என்று பக்கங்களைப் புடைக்க விட்ட கற்கள் சந்தையில் ஏராளம். 1 காரட்டைத் தொட்டால் விலை தாவும் என்பதால் அப்படி வெட்டுகிறார்கள். 95 சென்ட் (0.95 காரட்) கல் ஒன்று நன்றாக வெட்டியிருந்தால் அதையே எடுங்கள், விரலில் வித்தியாசம் தெரியாது.

எந்தச் சான்றிதழிலும் எழுதாத ஒன்று, கல்லின் நடுவில் குறுக்கே விழும் கறுப்பு நிழல், ‘போ டை’. ஏறக்குறைய எல்லா பேர் ஷேப்பிலும் கொஞ்சம் உண்டு. கடையின் ஸ்பாட் விளக்கில் அது மறைந்துவிடும். ஜன்னல் பக்கம் போய், முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, இடவலமாக மெல்லச் சாய்த்துப் பாருங்கள். நிழல் மின்னி மறைந்தால் சரி. எப்படிச் சாய்த்தாலும் கறுப்பு அங்கேயே நின்றால் அந்தக் கல் வேண்டாம். படம் பார்த்து ஆர்டர் செய்பவர்கள், கல் சுழலும் வீடியோ இல்லாமல் பணம் கட்டாதீர்கள்.

மோதிரத்தை 22 காரட் தங்கத்தில் செய்யச் சொல்லிப் பிடிவாதம் பிடிக்காதீர்கள். தங்கம் மிருதுவாக இருந்தால் பிராங் விரியும், கல் ஆடும். 18 காரட், அதாவது 18கே750 முத்திரை, கூடவே நகையின் தனி அடையாளமாக எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யூஐடி இருக்கிறதா பாருங்கள். அந்த ஹால்மார்க் தங்கத்துக்கு மட்டும்தான், கல்லுக்கு அல்ல. வளையம் 1.8 மி.மீ. அகலத்துக்குக் குறைய வேண்டாம். மெல்லிய வளையம் வாளி தூக்கும்போது வளைந்து, மேலே பிராங்குகளையும் இழுத்துவிடும். கல் உயரமாக எழும்பி நிற்காமல், விரலை ஒட்டி எவ்வளவு தாழ்வாக உட்காருகிறதோ அவ்வளவு நல்லது.

முனை சிதைந்தால் மாற்றித் தருவார்களா, தருவதானால் என்ன கணக்கில் என்பதைக் கடையில் வாயால் கேட்காமல் எழுதி வாங்குங்கள். முனை போன கல்லைத் திரும்ப வெட்டலாம், ஆனால் நீளம் குறையும், வடிவம் குட்டையாகும், 1.02 காரட் கல் 1 காரட்டுக்குக் கீழே இறங்கும்.

வீட்டு வேலை, ஜிம், பைக் ஓட்டுவது, இதற்கெல்லாம் மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பிளீச்சிங் பவுடர் தண்ணீரில் கையே வைக்காதீர்கள், தங்கக் கலவையை அது அரிக்கும். வெதுவெதுப்பான நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் சோப்பு, மென்மையான பிரஷ் போதும். மாதம் ஒருமுறை மோதிரத்தைக் காதருகே வைத்துச் சுண்டுங்கள். டிக் டிக் என்று கேட்டால் கல் ஆடுகிறது. பட்டுப்புடவை இழை ‘வி’யில் மாட்டினால் பிராங் எழும்பியிருக்கிறது. இரண்டில் எது நடந்தாலும் அன்றே கழற்றிவைத்துப் பட்டறைக்குக் கொண்டுவாருங்கள். அளவு மாற்றக் கொடுத்தால், நெருப்பு வைக்கும் முன் கல்லைக் காக்கும் போரிக் அமிலப் பூச்சு போடுவார்களா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் மேல்முகம் வெந்து மங்கிவிடும். திரும்ப வாங்கும்போது, முனையை லூப்பில் பார்த்த பிறகே ரசீதில் கையெழுத்துப் போடுங்கள்.