ஆதார் லிங்க் வேறு, சீடிங் வேறு: கேட் உதவித்தொகை எங்கே நின்றுபோகிறது?

"சார், போர்ட்டல்ல அப்ரூவ்டுன்னுதான் காட்டுது. பணம் மட்டும் வரலை."

"ஆதார் சீடிங் ஆயிருக்கா?"

"லிங்க் பண்ணிட்டேன் சார். பேங்க்லயே கேட்டுட்டேன்."

எம்.இ., எம்.டெக். உதவித்தொகை வேலை பார்க்கும் எவரைக் கேட்டாலும் இந்த மூன்று வரியை ஒப்பிப்பார்கள். இந்த வருஷம் பொறுமை எல்லை தாண்டிவிட்டது. கேட்பவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லி மாளவில்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

முதுநிலைப் பொறியியலுக்கான தேசிய நுழைவுத் தேர்வான கேட் தேர்வில் தகுதி பெற்று, ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் உள்ள கல்லூரியில் முழுநேர முதுநிலைப் படிப்பில் சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய். அதிகபட்சம் 24 மாதம். மொத்தம் 2,97,600 ரூபாய். இதற்கு ஐஐடி சீட் தேவையில்லை, மூன்றிலக்க ரேங்க்கும் தேவையில்லை. தகுதி மதிப்பெண்ணைத் தாண்டியிருந்தாலே போதும். நூலிழையில் தேறியவர்கள் "இந்த மார்க்குக்கு யார் சீட் கொடுப்பா" என்று ஸ்கோர்கார்டைக்கூட இறக்கி வைப்பதில்லை. தமிழ்நாட்டு நுழைவுத் தேர்வான சீட்டா-பிஜி மார்க்கை மட்டும் காட்டிக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு, அக்டோபரில் பக்கத்து பெஞ்ச் பையனுக்குப் பணம் வருவதைப் பார்த்துத்தான் ஓடி வருகிறார்கள். ஸ்கோர்கார்டைச் சில ஆண்டுகளாக மே கடைசி வரை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்குப் பிறகு கட்டணம், டிசம்பர் தாண்டினால் அதுவும் இல்லை. மார்ச்சில் ரிசல்ட் வந்த வாரமே இறக்கி, மெயிலில் ஒரு பிரதி போட்டு வையுங்கள்.

கேட் மதிப்பெண் ரிசல்ட் வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு செல்லும். படிப்பில் சேரும் நாளில் அது உயிரோடு இருக்க வேண்டும். "முதல் செமஸ்டர்ல சேர்ந்துட்டு பிப்ரவரியில கேட் எழுதிக்கிறேன்" என்ற கணக்கு நடக்காது. பி.இ. மூன்றாம் ஆண்டிலேயே எழுத அனுமதி இருக்கிறது, அப்போதே எழுதிவிடுங்கள்.

சரி, லிங்க் விஷயத்துக்கு வருவோம். இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

பேங்க்கில் ஆதார் நகல் கொடுத்தீர்கள், கேஒய்சி முடிந்தது, கணக்கில் ஆதார் எண் ஏறியது. இது லிங்க். இத்தோடு அரசுப் பணம் உங்கள் கணக்கைத் தேடி வராது. நேரடிப் பணப்பரிமாற்றம் என்கிற டிபிடி, என்பிசிஐ (இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம்) வைத்திருக்கும் ஒரு பட்டியலைப் பார்த்துத்தான் போகிறது. அந்தப் பட்டியலில் ஒரு ஆதார் எண்ணுக்கு ஒரே ஒரு பேங்க்தான் இருக்கும். அதில் உங்கள் பேங்க் பெயரை ஏற்றுவதுதான் சீடிங். அதற்கென்று ஒப்புதல் படிவம் தனியாக உண்டு. கவுன்டரில் "லிங்க் ஆயிடுச்சா?" என்று கேட்டால் "ஆயிடுச்சு" என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை, நீங்கள் கேட்டதற்குச் சொல்கிறார். "என்பிசிஐ மேப்பிங் ஆக்டிவா இருக்கா, டிபிடி இந்தக் கணக்குக்கு வருமா?" என்று கேளுங்கள்.

பட்டியலில் கடைசியாக ஏறிய பேங்க்தான் நிற்கும். ஜூலையில் எல்லாம் சரியாக இருந்திருக்கும். ஆகஸ்டில் கல்லூரி வாசலில் மேசை போட்டு, ஜீரோ பேலன்ஸ் கணக்கு என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருப்பார்கள். அந்தப் படிவத்தில் சீடிங் ஒப்புதலுக்கு ஒரு டிக் இருந்திருக்கும். அன்றிலிருந்து பணம் அங்கே போகும், நீங்கள் பழைய பாஸ்புக்கைப் பிரிண்ட் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். பாதிப் பேரின் 'வராத' பணம் இப்படி மறந்துபோன கணக்கில்தான் தூங்குகிறது.

பார்ப்பதற்கு இரண்டு நிமிஷம் ஆகாது. மைஆதார் தளத்தில் ஓடிபி போட்டு நுழைந்தால் 'பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்' என்று இருக்கும். பேங்க் பெயரும், ஆக்டிவா இல்லையா என்பதும் தெரியும். கணக்கு எண் தெரியாது. ஆகவே ஒரே பேங்க்கில் இரண்டு கணக்கு இருந்தால் எந்தக் கணக்கு என்று கிளையில் எழுதிக் கொடுங்கள். விண்ணப்பிக்கும் முன் ஒரு தடவை பாருங்கள். பணம் தொடங்கிய பிறகு புதுக் கணக்கு திறந்தால் மறுபடியும் பாருங்கள்.

கணக்கின் வகையும் முக்கியம். ஜன்தன், கூட்டுக் கணக்கு, வரம்புள்ள கணக்கு எதுவும் ஏஐசிடிஇக்கு ஆகாது. உங்கள் பெயரில் மட்டும் சாதாரண சேமிப்புக் கணக்கு வேண்டும். காரணம் கணக்கில்தான் இருக்கிறது. குறைந்த ஆவணங்களோடு திறக்கும் சிறு கணக்கில் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, ஓர் ஆண்டில் ஒரு லட்சத்துக்கு மேல் வரவு ஆகக் கூடாது. முதல் தவணை பெரும்பாலும் நிலுவையோடுதான் வரும். ஐந்து மாதம் சேர்ந்தால் 62,000. அங்கேயே முட்டிக்கொண்டு திரும்பிவிடும். அம்மாவோடு சேர்ந்து எட்டாம் வகுப்பில் திறந்த கணக்கை இதற்குக் கொண்டு வராதீர்கள், ப்ளீஸ்.

அடுத்தது பெயர். நம் ஊர் இனிஷியலுக்கு எந்தப் போர்ட்டலிலும் இடமில்லை. கேட் ஸ்கோர்கார்டில் 'கார்த்திக் எஸ்', ஆதாரில் 'கார்த்திக் சுப்பிரமணியன்', பாஸ்புக்கில் 'எஸ்.கார்த்திக்'. நமக்கு ஒரே ஆள், கணினிக்கு மூன்று பேர். கேட் விண்ணப்பத்தை ஆகஸ்ட், செப்டம்பரில் திறக்கும்போதே ஆதாரில் உள்ளபடி எழுத்து மாறாமல் போடுங்கள். ஸ்கோர்கார்டு வந்த பிறகு அதில் பெயர் மாற்றுவது நடக்கிற காரியமில்லை. பேங்க்கிலும் ஆதாரிலும் மாற்றலாம், வாரக்கணக்கில் அலையத் தயாராக இருந்தால்.

ஓபிசி-என்சிஎல் (கிரீமி லேயர் எனப்படும் வசதியான பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சலுகையில் தேறியவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்தாம் வகுப்பில் வாங்கிய பிசி, எம்பிசி சாதிச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. மத்திய அரசு படிவத்தில், கிரீமி லேயரில் வரவில்லை என்று தாசில்தார் தரும் சான்றிதழ் தனி. அதுவும் ஓராண்டுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவையில் மனு போட்டால் ஆர்.ஐ., தாசில்தார் என்று நகர்ந்து வர நாளாகும். ரிசல்ட் வந்ததும் போட்டுவிடுங்கள்.

பிரவுசிங் சென்டர்காரரின் மொபைல் எண்ணையும் மெயிலையும் கொடுத்து விண்ணப்பிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட் எழுதப்போகும் இன்ஜினியர்கள்! ஓடிபி யாருக்குப் போகும்?

ஏஐசிடிஇ போர்ட்டலில் கல்லூரி உங்களுக்கு ஐடி உருவாக்கித் தந்த பிறகுதான் நீங்கள் ஆவணங்களை ஏற்ற முடியும். ஏற்றியதும் கல்லூரி சரிபார்க்க வேண்டும். சேர்ந்த முதல் வாரமே பி.ஜி. கோஆர்டினேட்டரைப் பார்த்து ஐடி கேளுங்கள், சுற்றறிக்கைக்குக் காத்திருக்காதீர்கள். வாரம் எட்டு முதல் பத்து மணி நேரம் லேப், டுடோரியல் என்று துறைக்கு வேலை செய்து கொடுக்க வேண்டும். இந்தப் பணம் வாங்கும் காலத்தில் வேறு சம்பளமோ உதவித்தொகையோ வாங்கக் கூடாது. இரண்டாம் ஆண்டில் சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் வந்தால், சேருவதற்கு முன் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

பிஎச்.டி. போகிறவர்களுக்குத் தொகை வேறு: 2023 ஜனவரி முதல் மாதம் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) 42,000 ரூபாய். பெயரிலும் சான்றிதழிலும் இதே சிக்கல்கள் அங்கேயும் காத்திருக்கும்.

கடைசியாக, இந்த வேலை பார்க்கும் சக ஆசிரியர்களிடம் ஒரு கோரிக்கை. மாணவர் பக்கம் எல்லாம் சரியாக இருந்தும், மாதாமாதம் வருகையை நாம் போர்ட்டலில் உறுதி செய்யாததால் நின்ற பணமும் உண்டு. ஹாஸ்டல் மெஸ் பில் கட்ட அந்த 12,400-ஐ நம்பி வந்த பிள்ளைகள் அவர்கள். நாம் விடுப்பில் போகும் மாதம் லாகினை யார் பார்ப்பார் என்று துறையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவோம்.