நூறு சதவீதம் என்று பேனர் கட்டியிருந்தால், முதலில் ஒன்பதாம் வகுப்பை விசாரியுங்கள்

இந்த மே மாதத்தில் இது நான்காவது டி.சி. பத்தாம் வகுப்பு முடித்த பெண், ஆறாம் வகுப்பிலிருந்து எங்கள் பள்ளிதான். அப்பா கையில் பிளஸ் டூ முடிவு வந்த செய்தித்தாள். எங்கள் பள்ளியின் பெயருக்கு எதிரே தேர்ச்சி சதவீதமாக இருந்த 85-ஐப் பேனாவால் வட்டம் போட்டு எடுத்து வந்திருந்தார். "தப்பா நெனச்சுக்காதீங்க சார். அங்க நூத்துக்கு நூறு. பொம்பளப் புள்ள, ரிஸ்க் எடுக்க முடியாது." அந்தப் பெண் பத்தாவதில் எடுத்தது 441.

அரசு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியராக எனக்கு இது இருபத்திரண்டாவது வருடம். இந்த ஒற்றை எண்ணைப் பற்றிப் பேசிப் பேசித் தொண்டை வற்றிவிட்டது. இந்த முறை எழுதிவிடுகிறேன்.

ஒரு கணக்குப் போடுவோம், நிஜப் பள்ளி எதுவும் இல்லை. ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 60 பேர். வருடக் கடைசியில் ஒன்பது பெற்றோரைக் கூப்பிட்டு, "உங்க பையனுக்கு எங்க பாடத்திட்டம் ஒத்து வராது, வேற இடம் பாருங்க" என்று டி.சி.யைக் கையில் கொடுக்கிறார்கள். மிச்சம் 51 பேர் பத்தாவது எழுதுகிறார்கள். 51 பேரும் பாஸ். 100 சதவீதம், வாசலில் பேனர். அந்த ஒன்பது பேரும் எங்கே போவார்கள்? தெருக்கோடி அரசுப் பள்ளிக்குத்தான். அங்கே ஏற்கெனவே 131 பேர். இவர்களோடு 140. ஒன்பதில் ஆறு பேர் தேறுகிறார்கள், 131-இல் 113 பேர். ஆக 119. சதவீதம் 85. இப்போது முதல் பள்ளிக்குத் திரும்ப வாருங்கள். உள்ளே வந்த 60 பேரையும் வைத்துக் கணக்குப் பார்த்தால் அவர்கள் தேற்றியது 51. அதுவும் 85 சதவீதம்தான்!

இன்னொரு தடவை படியுங்கள். அவசரமில்லை. யாரை எண்ணுகிறோம் என்பதில் இருக்கிறது சூட்சுமம். தேர்வெழுதியவர்களில் எத்தனை பேர் தேறினார்கள் என்பதைத்தான் அந்தச் செய்தித்தாள் சொல்கிறது. யாரைத் தேர்வெழுத விட்டார்கள் என்பதை அது சொல்லவே சொல்லாது.

பிளஸ் ஒன்னில் இது இன்னும் சுலபம். 400-க்கு மேல் எடுத்தவர்களுக்கே சேர்க்கை என்று வைத்துவிட்டால் முடிந்தது கதை. அந்த அப்பாவின் பெண்ணை அங்கே வாங்கிக்கொள்வதே 441 என்பதால்தான். அவள் எங்கே படித்தாலும் தேறுவாள். எல்லாத் தனியார் பள்ளிகளும் இப்படி என்று சொல்ல வரவில்லை. நாங்களும் ஒன்றும் புனிதர்களில்லை. சி.இ.ஓ. (முதன்மைக் கல்வி அலுவலர்) ரிவ்யூ மீட்டிங்கில் நிற்க வைத்துக் கேட்பார்களே என்ற பயத்தில், 'இவன் பிரைவேட்டா எழுதட்டும்' என்று, அதாவது பள்ளிக் கணக்கில் வராத தனித்தேர்வராக எழுதட்டும் என்று, பேசும் தலைமையாசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். மாநில ரேங்க் அறிவிப்பை 2017-இல் நிறுத்தியபோது நிம்மதியாக இருந்தது. காலியான அந்த நாற்காலியில் இந்தச் சதவீதம் வந்து உட்கார்ந்துகொண்டது.

சரி, எங்கள் 85 என்ற எண்ணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்?

முகூர்த்த நாள் காலண்டரைக் கொடுங்கள், என் வகுப்பின் வருகைப் பதிவேட்டைப் பார்க்காமலே சொல்கிறேன். மார்கழியில் வகுப்பு நிறைந்திருக்கும். தை பிறந்ததும் பின் வரிசை காலி. பையன்கள் கேட்டரிங் வேலைக்குப் பந்தி பரிமாறப் போய்விடுவார்கள். கையில் காசு, வயிறு நிறையச் சாப்பாடு. சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. பதினோராம் வகுப்புக்கு வந்ததும் பசி நின்றுவிடுமா என்ன?

இரண்டு வருடத்துக்கு முன் இப்படி ஒருவன் இருந்தான். வெள்ளிக்கிழமை லேபில் பெர்மாங்கனேட் டைட்ரேஷன், அதாவது நிறம் மாறும் வரை கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் சோதனை. மற்ற பிள்ளைகள் ப்யூரெட் என்ற அளவுக் குழாயைத் திறந்து மடமடவென்று ஊற்றிக் கரைசலைக் கருஞ்சிவப்பாக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இவன் ஒவ்வொரு சொட்டாக விட்டு, இளஞ்சிவப்பு லேசாக எட்டிப்பார்த்த கணத்தில் அடைத்துவிடுவான். மூன்று தடவையும் ஒரே அளவு. "எப்படிடா?" என்றால், "ரசம் ஊத்துற கை சார்" என்று சிரிப்பான். செய்முறையில் 20-க்கு 20, அகமதிப்பீட்டில் 10-க்கு 10. எழுத்துத் தேர்வில் 70-க்கு 15 எடுத்தாக வேண்டும். அவன் எடுத்தது 14. மொத்தம் 44 வந்தும் ஃபெயில். வீட்டில் அவன்தான் பிளஸ் டூ வரை வந்த முதல் ஆள். அம்மா பதிவேட்டில் கைநாட்டுதான் வைப்பார். துணைத் தேர்வில் எழுதித் தேறினான். அந்தத் தேர்ச்சியை வட்டம் போட்டு எடுத்துக்கொண்டு யாரும் என்னிடம் வரவில்லை.

1966-இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு 6 லட்சம் மாணவர்களுக்கு மேல் ஆராய்ந்து, மதிப்பெண் வித்தியாசத்தில் பள்ளியின் வசதிகளைவிட வீட்டுப் பின்னணிக்கே பங்கு அதிகம் என்று சொன்னது. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்பவர்கள் எங்கள் ஸ்டாஃப் ரூமிலேயே உண்டு. "இந்த ஏரியா புள்ளைங்களுக்கு இதுவே ஜாஸ்தி சார், மினிமம் மெட்டீரியல் குடுத்துத் தள்ளி விடுங்க." எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பின்னணி தெரிந்தால் எந்தப் பிள்ளைக்குக் கூடுதலாக உட்கார வேண்டும் என்று தெரியும். அதற்குத்தான் அந்த விவரம். பாடத்தின் முடிவில் இருக்கும் புக் பேக் கேள்வியை மட்டும் உருப்போட வைத்து 35 வாங்க வைத்துவிட்டு, கவுன்சலிங்கில் அவன் எதைக் காட்டுவான்?

அந்த அப்பாவிடம் நான் சொன்னது வேறு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று மற்றத் தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டத்துக்கும் இதே 6 முதல் 12 வரை என்ற கணக்கு உண்டு. பெண் ஏழில் ஐந்து வருடத்தைத் தாண்டிவிட்டாள். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் சேர்த்தால் அந்த ஒதுக்கீடு போச்சு. பேனரில் இது இருக்காது. கேட்டதும் அவர் செய்தித்தாளை நாலாக மடித்துப் பையில் வைத்தார். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்றார்.

அதனால், டி.சி. கேட்டு வருவதற்கு முன்பு, நீங்கள் போகப்போகிற பள்ளியில் நேரடியாகக் கேளுங்கள்: இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதில் எத்தனை பேர், பத்து எழுதியது எத்தனை பேர்? பதில் சொல்லத் தயங்கினால் புரிந்துகொள்ளுங்கள். பாஸ் எத்தனை என்பதை விட்டுவிட்டு, 60 சதவீதத்துக்கு மேல் எத்தனை பேர் என்று கேளுங்கள். எங்களையும் கேளுங்கள், தாராளமாக. பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் எதற்கு இருக்கிறது? டீ குடித்துவிட்டுக் கையெழுத்துப் போடவா?

தை, மாசியில் பிள்ளையைப் பந்திக்கு அனுப்பாதீர்கள். அனுப்பியே ஆக வேண்டிய நிலை என்றால் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். திட்டமாட்டேன், விட்டுப்போன பாடத்தை மறுநாள் மதியம் நடத்திவிடுவேன். தங்கச்சிக்குக் காய்ச்சல் என்று பெரியவளை வாரக்கணக்கில் நிறுத்தி வைப்பதும் வேண்டாம்.

ஒரு பாடத்தில் போனால் குடி முழுகிவிடாது. துணைத் தேர்வு அடுத்த ஓரிரு மாதத்திலேயே வருகிறது. தேறினால் அதே வருடம் கல்லூரியில் சேரலாம். அதற்குள் பையனை மில்லுக்கு அனுப்பிவிட்டு, செப்டம்பரில் வந்து "இப்ப ஏதாவது வழி இருக்கா சார்?" என்று கேட்காதீர்கள். முடிவு வந்த மறுநாளே வாருங்கள். வரும்போது பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அப்பா மட்டும் வந்தால் எனக்குப் பாதிக் கதைதான் கிடைக்கிறது.