தடவிய ரொட்டி ஏன் நமத்துப்போகிறது?

தோசைக்கல்லில் பொன்னிறமாக வாட்டிய ரொட்டித் துண்டின்மேல், துருவிய கேரட்டும் வெள்ளரிக்காயும் தயிரும் கலந்து தடவி வைத்தால், பத்து நிமிடத்துக்குள் அது ஈரத்துணிபோலத் தொய்ந்துவிடுகிறது. வாட்டும்போது நாம் பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீர், காய் வழியாகத் திரும்பி வந்துவிடுவதே இதற்குக் காரணம்.

கடை ரொட்டியின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர்தான். சூடான கல்லில் இட்டதும் மேற்பரப்பின் நீர் ஆவியாகத் தொடங்குகிறது. அது வற்றும்வரை அங்கே வெப்பநிலை 100 டிகிரி செல்சியஸைப் பெரிதாகத் தாண்டுவதில்லை. ரொட்டி நெடுநேரம் வெளுப்பாகவே கிடந்து, பிறகு நாம் திரும்பிப் பார்ப்பதற்குள் சிவந்துவிடுவது இதனால்தான். நீர் வற்றி, வெப்பநிலை ஏறத்தாழ 140 டிகிரியை எட்டும்போது, மாவிலுள்ள அமினோ அமிலங்களும் சர்க்கரைகளும் விரைவாக வினைபுரிந்து பழுப்பு நிறத்தையும் வறுத்த மணத்தையும் உண்டாக்குகின்றன. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மையார் 1912-இல் இதை விவரித்ததால், இது மையார் வினை எனப்படுகிறது. கருகவிட்டால் அக்ரிலமைடு என்னும் வேண்டாத பொருளும் கூடுதலாக உருவாகும் என்பதால், பொன்னிறத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நிறத்தைவிட எனக்கு வியப்பளிப்பது மொறுமொறுப்புதான். ஈரமுள்ள மாவுச்சத்தும் கோதுமைப் புரதமான குளூட்டனும் ரப்பர்போல வளைந்துகொடுக்கும். நீரிழந்தபின் அவையே கண்ணாடிபோல விறைத்து, கடித்தால் சட்டென முறியும். சிறிதளவு ஈரம் உள்ளே புகுந்தாலும் மூலக்கூறுகளின் பிடி தளர்ந்து, பழையபடி வளையத் தொடங்கிவிடும். மழைக்காலத்தில் மூடாமல் வைத்த அப்பளம் நமத்துப்போவதும் இப்படித்தான்.

வெள்ளரிக்காயில் ஏறத்தாழ 95 விழுக்காடும் கேரட்டில் 88 விழுக்காடும் நீர் உள்ளது. துருவும்போதே பல செல்கள் கிழிந்து நீரை விட்டுவிடுகின்றன. கிழியாத செல்களிலிருந்தும் உப்பு, சவ்வூடுபரவலின் மூலம், அதாவது உப்பு மிகுந்த பக்கத்துக்குச் செல்சவ்வைக் கடந்து நீர் நகர்வதால், நீரை வெளியே இழுக்கிறது. ஆகவே உப்பைக் கடைசியில் சேர்ப்பதைவிட முதலிலேயே சேர்ப்பது மேல்: துருவலில் உப்பைப் பிசறிப் பத்து நிமிடம் வைத்து, உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்தால், ரொட்டிக்குள் இறங்கவிருந்த நீர் கிண்ணத்தில் இறங்கிவிடும். அந்த நீரை மோரில் ஊற்றிக்கொள்ளலாம். தயிரையும் மெல்லிய துணியில் கட்டி இரண்டு மணி நேரம் தொங்கவிட வேண்டும்.

எஞ்சிய ஈரத்தைத் தடுக்க வெண்ணெய் உதவுகிறது. அதில் ஏறத்தாழ 80 விழுக்காடு கொழுப்பு என்பதால் நீரை எளிதில் ஊடுருவ விடாது. ஆனால் ரொட்டி கொதிக்கக் கொதிக்க இருக்கும்போது தடவினால் உருகித் துளைகளுக்குள் இறங்கிவிடும், சற்று ஆறியபின் தடவினால்தான் மேலே படலமாக நிற்கும். ஆறவைப்பதிலும் ஒரு கவனம் தேவை. தட்டில் படுக்கவைத்தால், ரொட்டியிலிருந்து வரும் ஆவி குளிர்ந்த தட்டில் பட்டு நீராகி அடிப்பக்கத்தை நனைக்கும். இரண்டு துண்டுகளைக் கூரைபோல ஒன்றன்மேல் ஒன்று சாய்த்து நிறுத்தினால், ஆவி இருபுறமும் வெளியேறிவிடும்.