பார்சல் சாப்பாடு வயிற்றைக் கெடுத்தால் யாரிடம் கேட்பது?

கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் நம்மில் பலர் ஓமத் தண்ணீரைக் குடித்துவிட்டு, மிச்சத்தைக் குப்பையில் கொட்டிவிட்டு, அந்தக் கடைப் பக்கம் போவதை நிறுத்திக்கொள்கிறோம். மறுநாள் அதே கடையில் வேறொருவர் வீட்டுப் பிள்ளை சாப்பிடும். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிலைகள் சட்டம், 2006 நமக்குக் கேட்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

முதலில் உடம்பைப் பாருங்கள். வாந்தி பேதி நிற்கவில்லை, ரத்தம் கலந்து போகிறது, அல்லது பாதிக்கப்பட்டது குழந்தை, கர்ப்பிணி, வயதானவர் என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். எங்கே, எப்போது, என்ன சாப்பிட்டீர்கள் என்று டாக்டரிடம் சொல்லி, சீட்டில் எழுதித் தரக் கேளுங்கள். அந்தச் சீட்டையும் கடை பில்லையும் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் புகார். தமிழ்நாட்டில் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. கடையின் பெயர், தெரு, ஊர், சாப்பிட்ட நாள், படம் இவற்றை அனுப்பினால் போதும். கடையில் மாட்டியிருக்கும் 14 இலக்க உரிம எண்ணும் இருந்தால் நல்லது. தள்ளுவண்டிக் கடைக்குக்கூடப் பதிவு கட்டாயம். கடையைச் சோதிக்கவும் மாதிரி எடுக்கவும் உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு அதிகாரம் உண்டு.

இழப்பீடும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. 2006 சட்டத்தின் பிரிவு 65-இன்படி, கெட்ட உணவால் உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 5 லட்சம் ரூபாய், கடுமையான பாதிப்புக்கு 3 லட்சம் வரை, மற்ற பாதிப்புக்கு 1 லட்சம் வரை கொடுக்கும்படி விற்றவருக்கு உத்தரவிடலாம். சம்பவம் நடந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்தாக வேண்டும். உயிரிழப்பு என்றால் 30 நாளுக்குள் இடைக்கால நிவாரணம் தர வேண்டும்.

பிரிவு 40 இன்னொரு வழி. வாங்கிய பொருளை நீங்களே கட்டணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். குறை இருந்தால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஒரு நிபந்தனை: சோதனைக்கு அனுப்பப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். அதனால் சாப்பிட்டு முடித்தபின் இது உதவாது. எண்ணெய், நெய், பால் மேல் சந்தேகம் இருந்தால் நல்ல வழி.

சரி, நோய் வந்தால்தான் புகார் செய்யலாமா? இல்லை, அதற்கு முன்பே செய்வதுதான் மேல். சூடான உணவு 60 டிகிரிக்குக் குறையாமலும், குளிரூட்ட வேண்டியது 5 டிகிரிக்கு மிகாமலும் இருக்க வேண்டும். காலையில் வடித்த சோறு மாலைவரை வெறும் அண்டாவில் கிடந்தால் கிருமி பெருகும். திரும்பச் சூடாக்கினாலும் அந்தக் கிருமி விட்டுச்சென்ற நஞ்சு போகாது. வடையைச் செய்தித்தாளில் மடிப்பதும் விதிமீறல்தான். பச்சை முட்டையில் அடித்த மயோனைஸுக்கு சால்மோனெல்லா கிருமியின் ஆபத்து காரணமாக 8.4.2025 முதல் ஓராண்டுக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டது. கிரில் சிக்கன் வாங்கும்போது, கூட வரும் வெள்ளைச் சட்னி, அதாவது மயோனைஸ், எதில் செய்தது என்று கேளுங்கள். சரியாகப் பதில் வராவிட்டால் அதை வாங்காதீர்கள்.