எக்ஸிட் பியூப்பில் – வெளிப்பாவை

பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடித்து, வெளிச்சமான பக்கம் காட்டிப் பாருங்கள். கண் வைக்கும் லென்ஸுக்குச் சற்று வெளியே ஒரு சின்ன ஒளிவட்டம் மிதப்பது தெரியும். அதுதான் எக்ஸிட் பியூப்பில். முன் லென்ஸின் பிம்பம் அது. உள்ளே நுழைந்த ஒளியெல்லாம் அந்த வட்டத்தின் வழியாகத்தான் வெளியே வருகிறது. 8x40 பைனாகுலர் என்றால் 8 மடங்கு உருப்பெருக்கம், 40 மில்லிமீட்டர் முன் லென்ஸ்; 40-ஐ 8-ஆல் வகுத்தால் வட்டத்தின் விட்டம் 5 மில்லிமீட்டர். நம் கண்ணின் பாவை (கருவிழி நடுவே ஒளி நுழையும் துளை) அந்த வட்டத்துக்குள் இருந்தால் காட்சி முழுதாகத் தெரியும். விலகினால் ஓரம் இருளும். அப்புறம் ஒன்றுமே தெரியாது.

பைனாகுலர் விலகினால் கையால் சரிசெய்துகொள்ளலாம். ஹெல்மெட்டில் பொருத்திய காட்சித்திரையில் அது நடக்காது. பறக்கும்போது அதிர்வில் ஹெல்மெட் நழுவும். கண்ணும் சும்மா இருப்பதில்லை: 20 டிகிரி திரும்பினாலே பாவை 3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். அதனால்தான், பகல் வெளிச்சத்தில் கண்பாவை 2, 3 மில்லிமீட்டராகச் சுருங்கியிருந்தாலும், அப்பாச்சி ஹெலிகாப்டர் விமானியின் ஹெல்மெட் திரைக்கு 10 மில்லிமீட்டர் வட்டம் வைத்தார்கள்.

இன்னும் பெரிதாக வைத்தால் என்ன? லென்ஸும் பெரிதாகிவிடும். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 25 மில்லிமீட்டர் இடைவெளி, 40 டிகிரி காட்சிப்புலம், 10 மில்லிமீட்டர் வட்டம் என்றால் லென்ஸின் விட்டம் குறைந்தது 28 மில்லிமீட்டர் வேண்டும். வட்டத்தை 15 ஆக்கினால் 33. கூடும் எடையைச் சுமப்பது விமானியின் கழுத்து. அலைநடத்திக் கண்ணாடிகள் (ஒளியை மெல்லிய தகட்டுக்குள்ளேயே நடத்திக் கண்ணுக்குக் கொண்டுவருபவை) வேறு வழியில் போகின்றன: சின்ன வட்டத்தையே பக்கம் பக்கமாகப் பல பிரதிகள் எடுத்துப் பரப்பிவிடுகின்றன.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'பியூப்பில்லா' என்றால் சிறுமி, சின்னப் பொம்மை. அடுத்தவர் கண்ணுக்குள் பார்த்தால் நம் உருவம் பொம்மைபோலக் குட்டியாகத் தெரிகிறதே, அதனால் வந்த பெயர். கிரேக்கத்தின் 'கோரே'வும் இப்படித்தான். தமிழும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது: பாவை என்றால் பொம்மை, பெண், கண்மணிக்குள் தெரியும் உரு. "கருமணியிற் பாவாய்நீ போதாயாம்" என்று குறளில் (1123) காதலன் அந்தப் பாவையை வெளியே போகச் சொல்கிறான், காதலிக்கு இடம் வேண்டுமாம்.

'வெளியேறு பாவை' என்று சொல்லாக்கினால் அவன் போட்ட கட்டளை மாதிரியே ஒலிக்கிறது. 'வெளியேற்றத் துளை' என்பதோ பிழை. அங்கே துளை எதுவும் கிடையாது, பிம்பம்தான் இருக்கிறது. ஆகவே என் தேர்வு வெளிப்பாவை. ஒளி உள்ளே வரும் பக்கத்துக்கு நுழைபாவை.

ஒரு எச்சரிக்கை: திரையை ஒரே உருப்பெருக்கி லென்ஸால் நேரடியாகக் காட்டும் எளிய கருவிகளில் இப்படி ஒரு வட்டம் உருவாவதே இல்லை. கண் நகரக்கூடிய அந்த இடத்துக்கு 'ஐ பாக்ஸ்' என்று பெயர். அதையும் வெளிப்பாவை என்று எழுதிவிடக் கூடாது.