மத்தியானம் மிச்சம், இரவைக்குத் தட்டுப்பாடு

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை, காலமை 11 மணி தாண்டி இலங்கை முழுக்க கரண்ட் போச்சே, அண்டைக்கு எல்லாரும் பாணந்துறை சப்ஸ்டேஷன்ல (கரண்டைப் பிரிச்சு அனுப்பிற இடம்) பூந்த குரங்கைத்தான் திட்டினாங்கள். குரங்கு பாவம். சப்ஸ்டேஷன்ல ஃபோல்ட் வாறது எந்த நாட்டிலயும் நடக்கிறதுதான், அதுக்கு ஒரு தீவே இருண்டதுக்கு காரணம் வேற.

ஞாயிறு எண்டபடியா ஒஃபீஸ், ஃபெக்டரி எல்லாம் பூட்டு, வெயிலும் நல்லா எறிக்குது, கூரை சோலர் கொட்டோ கொட்டெண்டு கொட்டுது, அதுக்கு இடம் விட மற்ற ஜெனரேட்டர் மெஷின்கள் கனக்க நிப்பாட்டியாச்சு. பிரச்சினை அங்கதான். நுரைச்சோலை நிலக்கரி பவர் ஸ்டேஷன் மாதிரி இடத்தில டன் கணக்கான இரும்பு நிமிஷத்துக்கு 3000 தரம் சுத்துது. எங்கயாவது லைன் விழுந்தாலும் அந்த வேகம் உடன அடங்காது, பிரேக் அடிச்ச பஸ் கொஞ்சத்தூரம் போய் நிக்கிற மாதிரி, அந்தச் செக்கன்களுக்குள்ள மற்ற மெஷின் கைகுடுத்திடும். சோலர்ல சுத்துறதுக்கு ஒண்டுமில்ல. சுத்துற இரும்பு குறைஞ்சா, கரண்டின்ர 50 ஹேர்ட்ஸ் துடிப்பு (செக்கனுக்கு 50 தரம்) சட்டெண்டு ஆட்டம் காணும். நுரைச்சோலையின்ர 300 மெகாவாட் மெஷின் மூண்டும் லைன்ல இருந்து கழண்டுது, திரும்ப எழுப்ப நாள் எடுக்கும், அதான் பிறகும் ஒன்றரை மணித்தியாலக் கட்.

அந்த வருஷம் சித்திரைப் புதுவருஷத்துக்கு கூரை சோலரை பின்னேரம் 3 மணிவரை ஓஃப் பண்ணி வையுங்கோ எண்டும் மின்சார சபைக்காரர் சொன்னாங்கள். லட்சக்கணக்கில செலவழிச்சுப் போட்டவன் என்ன செய்வான்? ஆனா அதே நாள் ஆறரைக்கு ஊரே லைட்டும் ரைஸ் குக்கரும் போட, எண்ணெய் எரிச்சு ஆக விலையான கரண்ட் எடுக்கவேண்டி இருக்கும்.

அதால இன்னும் பேனல் போடுறதை விட, மத்தியான யூனிட்டை இரவைக்கு நகர்த்திறதுதான் மலிவா கரிப்புகை குறைக்கிற வழி எண்டு நான் நினைக்கிறன். விக்டோரியா, கொத்மலை அணைகளின்ர தண்ணிய பகல்ல திறக்காம வச்சாலே அது சும்மா கிடைச்ச பற்றரி, என்ன, மகாவலித் தண்ணி வயலுக்கும் வேணும். உண்மையான பற்றரி செக்கனுக்குள்ள பாயும், 2017இல தென் அவுஸ்திரேலியாவில ஹோர்ன்ஸ்டேல்ல 100 மெகாவாட்டுக்குப் போட்டு அதைக் காட்டினவங்கள்.

ஆனா எல்லாத்திலயும் மலிவு பில்லை மாத்திறது. வெள்ளவத்தை ஃபிளட்ல மேல்டாங்க் மோட்டர் இரவு எட்டுக்கும் ஓடலாம், பகல் பன்னிரண்டுக்கும் ஓடலாம், பெரும்பாலான வீட்டு மீட்டருக்கு ரெண்டும் ஒரே யூனிட், பிறகு ஆர் நேரம் பாத்து சுவிட்ச் போடப்போகினம்? பத்துமணிக்கும் மூண்டுமணிக்கும் இடையில ரேட்டைக் குறைச்சா மோட்டரும் வோஷிங் மெஷினும் தானா பகலுக்கு வரும். நேரம் பாக்கிற மீட்டர் வேணும்தான், ஆனா புதுசா ஒரு பவர் ஸ்டேஷன் கட்டிற காசோட பாத்தா அது பெரிய செலவில்ல.