பட்டன் போன்காரர் பணம் எப்படிப் போச்சு?

"என்கிட்ட பட்டன் போன்தானே தம்பி இருக்கு, இன்டர்நெட்டே கெடையாது. அப்புறம் எப்படி எடுத்தான்?"

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டுவிட்டார்கள் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். இந்தப் பெரியவர் பாபநாசம் பக்கம். கொள்முதல் நிலையத்தில் சம்பா நெல் போட்டு, கணக்கில் ஏறிய பணம். ஆதார் எண்ணையும் கைரேகையையும் வைத்துப் பணம் எடுக்கிற வசதி வழியாகப் பத்தாயிரம் பத்தாயிரமாக மூன்று நாளில் உருவிவிட்டார்கள். குறுஞ்செய்தி வந்திருக்கிறது, இவர் பார்க்கவில்லை.

நான் இணையப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பவன். சனிக்கிழமை சாயங்காலம் கும்பகோணத்தில் கல்லூரிப் பையன்களோடு நெட்ரன்னர் ஆடுவேன். 1996-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்த கார்டு கேம் அது. 2012-ல் புது வடிவம் எடுத்து 2018-ல் நின்றுபோனது. இப்போது ரசிகர்களே அதை நடத்துகிறார்கள், கார்டுகளை நாமே அச்சடித்து ஆடலாம். ஒருவர் கார்ப்பரேட் கம்பெனி, மற்றவர் அதன் சர்வருக்குள் நுழையும் ரன்னர்.

பையன்கள் எல்லாரும் ரன்னராக உட்கார்ந்தால் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள். கம்பெனி போடும் ஐஸ், அதாவது தடுப்புகள், அதை உடைக்கிற புரோகிராம்களாகவே வாங்கிக் குவிப்பார்கள். நடுவில் மேலே ஒரு டேக் விழும். டேக் விழுந்தால் நீ இருக்கிற இடம் கம்பெனிக்குத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். ஒரு கிளிக்கும் (டர்னில் செய்கிற ஒரு வேலை) ரெண்டு கிரெடிட்டும் (ஆட்டத்துக்குள் இருக்கிற பணம்) கொடுத்தால் அதைக் கழற்றிவிடலாம். "அடுத்த டர்ன்ல பாத்துக்கலாம் சார்" என்பான். அடுத்த டர்னே வராது. 2012 பதிப்பில் ஸ்கார்ச்டு எர்த் என்று ஒரு கார்டு. டேக் இருந்தால் வீட்டோடு கொளுத்தும், கையில் நாலு கார்டு போகும். ரன்னருக்குக் கைதான் உயிர், அதில் பொதுவாக அஞ்சு கார்டுக்கு மேல் நிற்காது. அடுத்தடுத்து ரெண்டு ஸ்கார்ச்டு எர்த் விழுந்தால் ஆள் காலி. ஐஸும் புரோகிராமும் அப்படியே சும்மா கிடக்கும். கணினிக்குள் இருக்கிற உலகத்துக்கும் ரத்தமும் சதையுமான உலகத்துக்கும் நடுவில் ஒரு கதவு வைத்து, டேக்கை அதற்குச் சாவியாக்கியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் எனக்குப் பிடித்ததே அதுதான்.

பையன்கள் இப்போது சொந்தமாக ஒரு கேம் தயாரிக்கிறார்கள். போன வாரம் மாதிரிக் கார்டுகளைக் கொண்டுவந்தார்கள். சர்வர், வைரஸ், நியான் வெளிச்சம். ஊரையும் மனுஷனையும் காணோம். திட்டலாம் என்று ஒரு கார்டைத் திருப்பினேன். செலவு மிச்சம் என்று ஜெராக்ஸ் கடைக் கழிவுத்தாளில் அச்சடித்திருக்கிறார்கள். பின்பக்கம் யாரோ ஒரு அம்மாவின் ஆதார், கீழே பேனாவால் போன் நம்பர்.

இதுதான் டேக். "ஸ்மார்ட்போன் இல்லை, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நெல் போடப் போனால் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக், நாலுக்கும் ஜெராக்ஸ். சரியாக விழாத பிரதியை மேசையிலேயே விட்டுவிட்டு வருகிறோம், அதில் பக்கோடா கட்டுகிறார்கள். கைரேகைக்கு எங்கே போவான் என்கிறீர்களா? பத்திரத்தில் வைத்த ரேகையை நகலெடுத்துப் பணம் எடுத்த வழக்குகள் நாட்டில் பதிவாகியிருக்கின்றன. உங்கள் போன் இதில் எந்த இடத்திலும் வரவே இல்லை.

ஆதார் செயலியிலோ இணையதளத்திலோ கைரேகையைப் பூட்டிவையுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் பேரப்பிள்ளை செய்வான். ரேஷன் கடையில் விரல் வைக்கும் அன்றைக்குத் தற்காலிகமாகத் திறக்க மறந்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். முழு எண் கட்டாயமில்லாத இடத்தில் கடைசி 4 இலக்கம் மட்டும் தெரிகிற மறைப்பு ஆதார் போதும். பாழான பிரதியைக் கேட்டு வாங்கிக் கிழியுங்கள், கூச்சம் வேண்டாம். வங்கிக் குறுஞ்செய்தியை யாரையாவது படிக்கச் சொல்லுங்கள். பணம் போனால் உடனே இணைய மோசடிப் புகார் எண் 1930, அப்படியே வங்கிக்கும் எழுத்தில் புகார். பஞ்சாயத்து பேசி முடித்துவிட்டு மறுவாரம் வராதீர்கள் ஐயா. அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.

அந்தத் தாள்களை அங்கேயே கிழித்துப் போட்டேன். பையன்கள் புதுத்தாளில் மறுபடி அச்சடிக்கிறார்கள், இந்தத் தடவை 'ஜெராக்ஸ் கடை' என்று ஒரு கார்டும் உண்டு. எத்தனை கிரெடிட் வைக்கலாம் என்று கேட்டான் ஒருவன். சைபர் என்றேன். "அப்படி வச்சா பேலன்ஸே போயிடும் சார்" என்கிறான்.